மதிய உணவுக்காக ஊரைக் கூட்டிய கல்வி அதிகாரி... யார் இந்த நெ.து.சு?

மரக்காணம் உப்பளங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேரும் பாத்தியில் நின்றால், பிள்ளைக்கு மதியம் யார் சோறு போடுவது? கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி வானூர் பக்கம் போனால், உப்புக்குப் பதில் வயல் கூலி. ஆனால் கேள்வி அதேதான்.

இன்று இதற்குப் பதில் கேட்டால், பள்ளிக்கூடத்தில் போடுவாங்க என்று சின்னப் பிள்ளையே சொல்லிவிடும். 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பதில் இல்லை. அது வந்த கதையில் காமராஜர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னதை ஆயிரக்கணக்கான பள்ளிகளில் நடத்திக் காட்டிய அதிகாரியின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அவர்தான் நெ.து.சுந்தரவடிவேலு.

'நெ' என்றால் நெய்யாடுபாக்கம், காஞ்சிபுரம் பக்கத்து கிராமம். 'து' என்றால் துரைசாமி, அவருடைய அப்பா. 1912 அக்டோபர் 12-ல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பஞ்சாயத்து அலுவலராக வேலை பார்த்துவிட்டுக் கல்வித்துறைக்கு வந்தார். பெரியார் வழியில் நின்றவர். குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதத்தின் தங்கை காந்தம்மாவை, சாதி மறுத்து சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். அரசு வேலையில் இருந்துகொண்டு அந்தக் காலத்தில் இதைச் செய்தது சாதாரண விஷயம் இல்லைங்க.

1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். முந்தைய ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டுக் கடைசியில் கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில்தான், சுமார் 42 வயதில், சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது சென்னை மாநிலத்தில் மலபாரும் சேர்ந்திருந்தது. அத்தனை பள்ளிகளுக்கும் ஒரே இயக்குநர். நூலகத்துறையும் அவர் பொறுப்பில்தான்.

ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது அரசு வைத்த இலக்கு. பள்ளி திறக்கலாம், வாத்தியார் போடலாம். பசியோடு இருக்கும் பிள்ளை வருமா? கூலிக்குடும்பத்தில் பிள்ளை ஆடு மேய்த்தால் ஒரு வேளை கஞ்சிக்காவது வழி உண்டு. பள்ளிக்குப் போனால் அதுவும் போச்சு.

பள்ளியில் சோறு போடுவது புது யோசனை இல்லை. சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்கு பள்ளியில் தொடங்கியது. அது நீடிக்கவில்லை. மாநிலம் முழுக்க என்றால் பணத்துக்கு எங்கே போவது? அரசு நிதி ஒதுக்கும் வரை காத்திருக்காமல் ஊரையே கேட்கலாம் என்பதுதான் காமராஜரும் சுந்தரவடிவேலுவும் போன வழி. 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊர்க்காரர்கள் அரிசி, பருப்பு, விறகு, பணம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துத் தந்த வீடுகளும் உண்டு. ஊரால் நடத்த முடியும் என்று தெரிந்த பிறகு, அரசும் செலவில் பங்கு போட்டது.

இந்த இடத்தில் ஒரு நெருடலும் இருக்கிறது. பசி அதிகமாக இருக்கும் ஊரில்தான் கொடுக்கும் கையும் காலியாக இருக்கும். வசதியான நிலக்காரர் உள்ள ஊரும், வேலை இல்லாத மாதத்தில் கடன் வாங்கிச் சாப்பிடும் உப்பளத்து ஊரும் ஒன்றா? நன்கொடையை மட்டும் நம்பினால் ஏழை ஊர்தான் முதலில் தடுமாறும். அரசு பணம் உள்ளே வந்தது அதனால்தான் முக்கியம். 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, ஊரை எதிர்பார்க்கும் நிலையே மாறிப்போனது.

ஆனாலும் ஊரைக் கூப்பிட்டதில் வேறொரு லாபம் இருந்தது. 1958-ல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. எந்தப் பள்ளிக்கு என்ன இல்லை என்று ஆசிரியர்கள் முதலில் பட்டியல் போட வேண்டும். கட்டடமா, பெஞ்சா, கரும்பலகையா, கடிகாரமா என்று அதை ஊர்க்காரர்களிடம் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொள்வார்கள். மாவட்டம் மாவட்டமாக இது நடந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடையும் இந்த ஓட்டத்தில்தான் வந்தது. சர்க்கார் பள்ளிக்கூடம் என்பது எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் என்று ஆனது. அதிகாரி ஒருவர் மேடையேறி ஜனங்களிடம் கேட்டது அன்றைக்குப் புதுசு.

ஆசிரியர்களையும் அவர் காலத்தில் மறக்கவில்லை. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு பென்ஷன், பி.எஃப், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டம் 1955-ல் வந்தது. கைக்கும் வாய்க்குமாக இருந்த சம்பளக்காரர்களுக்கு, வேலையை விட்டு இறங்கினாலும் மாதம் ஏதோ வரும் என்ற நிலை உருவானது.

1961-ல் பத்மஸ்ரீ விருது. 1969-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவருக்கு முன் அந்தப் பதவியில் ஏ.லட்சுமணசாமி முதலியார் இருந்தது 27 ஆண்டுகள்! சுந்தரவடிவேலு 1975 வரை இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு 'நினைவு அலைகள்' என்று தன் வரலாற்றை எழுதினார். பாகம் பாகமாக, கனமான புத்தகம். பயந்துவிடாதீர்கள், பேசுவதுபோலத்தான் போகும். 1993 ஏப்ரல் 12-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.