எலிக்குப் புற்றுநோய் எப்படி வருகிறது? கமல் ரணதிவே தேடிய விடை

சீசன் வந்தால் திண்டுக்கல் சந்தையில் கூடை கூடையாகச் சீத்தாப்பழம் இறங்கும். அந்தச் செடிக் குடும்பத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்துதான் 1943-ல் எம்.எஸ்சி. முடித்தார் கமல் ரணதிவே. பின்னாளில் இந்தியப் புற்றுநோய் ஆய்வின் பெரிய பெயர்களில் ஒருவர்.

1917-ல் புனேயில் பிறந்தவர். பொண்ணு டாக்டராகணும், டாக்டரையே கட்டிக்கணும் என்பது அப்பாவின் ஆசை. ரெண்டுமே நடக்கலை. உயிரியல் படித்தார், கணித அறிஞரை மணந்து பம்பாய்க்குப் போனார். அங்கே வி.ஆர். கனோல்கரிடம் 1949-ல் பிஎச்.டி. பிறகு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். திரும்பி வந்து, பம்பாயில் திசு வளர்ப்பு ஆய்வகம் அமைத்தார்.

அவரைப் பிடித்துக்கொண்டது எலியின் மார்பகப் புற்றுநோய். தாய்ப்பால் வழியாக ஏதோ ஒன்று குட்டிக்குப் போய் நோய் வருகிறது என்று 1936-லேயே ஜான் பிட்னர் காட்டியிருந்தார். அது ஒரு வைரஸ். ஆனா வைரஸ் மட்டும்தான் காரணமா? பரம்பரை, ஹார்மோன், வைரஸ் மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும் என்ற வழியில் ரணதிவே வேலை செய்தார்.

வைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது? இது ரெட்ரோவைரஸ். தன் நகலை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். கூடவே சத்தமான ஒரு ‘ஆன்’ சுவிட்சும் வரும். திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகுமே, அந்த மாதிரி. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. செருகின இடம் வளர்ச்சி மரபணுவுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால், அந்த மரபணு அடங்கவே அடங்காது; செல் பெருகும். இன்னும் சில பிழைகள் சேரும்போது புற்றுநோய்.

எலி மார்பகக் கட்டியில் இப்படிக் கிளறிவிடப்படும் மரபணு ஒன்றை நுஸ்ஸேயும் வார்மஸும் 1982-ல் கண்டுபிடித்தார்கள். ரணதிவேக்குப் பத்மபூஷண் கிடைத்ததும் அதே வருஷம். 1984-ல், மலோனி லுக்கேமியா வைரஸ் தாக்கிய எலிகளிலும் இதே கதை: பிம்-1 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் வைரஸ்.

2001 ஏப்ரலில் ரணதிவே இறந்தார். அடுத்த ஆண்டே எலிக்கூண்டைத் தாண்டியது இந்த விஷயம். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த சிறுவர்களுக்குப் பாரிஸில் மரபணு சிகிச்சை நடந்துவந்தது. சரியான மரபணுவைச் சுமந்து போன வண்டி, நோய் உண்டாக்காதபடி மாற்றிய எலி லுக்கேமியா வைரஸ். பலருக்கு உயிர் கொடுத்த அதே சிகிச்சை, நாலு பேருக்கு லுக்கேமியாவையும் கொடுத்தது. எல்எம்ஓ2 போன்ற மரபணுக்களுக்குப் பக்கத்தில் அது போய் உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை இறந்தது. அதற்குப் பிறகு வந்த சிகிச்சைகளில், வண்டியிலிருந்து அந்தச் சத்தமான சுவிட்சைக் கழற்றிவிட்டார்கள்.