கூடாரம் அடித்த மருத்துவர்

மனநோய் கண்டவரை வீட்டினின்றும் விலக்கி வைப்பதே மருத்துவம் என்று உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, மறந்துபோன உறவு ஆகிய மூன்றுமே அன்றைய மனநோய் மருத்துவமனையின் இலக்கணம். அவ்விலக்கணத்தை ஆரவாரமின்றி மாற்றி எழுதியவர் டாக்டர் வித்யாசாகர்.

1947 இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. நிலம் பங்கிடப்பட்டதுபோல மனநோயாளரும் பங்கிடப்பட்டனர். 1950 இல் லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளர் அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டனர். சாதத் அசன் மண்ட்டோவின் டோபா தேக் சிங் என்னும் உருதுச் சிறுகதையைக் கற்றோர் அத்துயரத்தை அறிவர். அந்த அமிர்தசரசு மருத்துவமனைக்கே வித்யாசாகர் பொறுப்பாளரானார்.

நோயாளரோ மிகப் பலர். பணியாளரோ மிகச் சிலர். வேறொருவராயின் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு ஓய்ந்திருப்பார். இவரோ நோயாளரின் சுற்றத்தாரையே துணைக்கு அழைத்தார். இராணுவக் கூடாரங்களை இரவலாகப் பெற்று மருத்துவமனை வளவில் அடித்தார். குடும்பத்தார் நோயாளருடன் அங்கேயே தங்கிப் பணிவிடை செய்தனர். நாள்தோறும் அவர்களை ஒருங்கே அமர்த்தி, நோயின் இயல்பையும் நோயாளரைப் பேணும் முறையையும் எளிய மொழியில் விளக்கினார். மருத்துவத்தை அவர் கைவிட்டாரல்லர். அதற்கு உறவின் துணையைச் சேர்த்தார். நோயாளர் விரைவிலே தேறினர். வீட்டாரும் அஞ்சாது அழைத்துச் சென்றனர். அவர்கள் வாயிலாகவே ஊரும் தெளிவு பெற்றது.

1957 இல் தொடங்கிய வேலூர் மனநல நிலையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. வித்யாசாகர் 1978 இல் மறைந்தார். இன்று இங்கிலாந்திலே தோட்டவேலையையும் பாட்டுக் குழுவையும் நோயாளருக்குப் பரிந்துரைக்கும் முறை சமூகப் பரிந்துரை என்னும் பெயரால் பரவி வருகிறது. அதன் உட்பொருளை அன்றே கூடாரத்தின்கீழ் கண்டவர் அவர்.

உக்குவளையில் ஆசிரியத் தொழில் புரியும் நான் அவரை அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கொடை என்பது எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரன்று; வசைச்சொல். அச்சொல்லுக்கு அஞ்சி லயத்து அறைக்குள் நோயை மறைத்து, காலம் கடந்தபின் வைத்தியரை நாடுவோர் உளர். அவ்வறையிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை பாடத்தை மட்டுமா சுமந்து வருகிறது?

எங்கள் ஊர்களிலே மரண உதவிச் சங்கம் உண்டு, கோயில் திருவிழாச் சபை உண்டு, வாசிகசாலை உண்டு. இறந்தவன் வீட்டுக்கு அழைப்பின்றியே செல்லும் நாம், உயிரோடு தவிப்பவன் வீட்டுத் திண்ணையிலும் சிறிது நேரம் அமரலாகாதா? வித்யாசாகர் அடித்த கூடாரத்துக்கு அத்திண்ணையே போதும்.