தொடச் சொன்ன விஞ்ஞானி

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழையும், தொடக் கூடாது என்ற அறிவிப்பும் நம் நினைவுக்கு வரும். ஆனால் தொடச் சொல்லும் கூடங்களும் உண்டு. பார்ப்பவர் கை அசைத்தால்தான் நிறைவு பெறும் கலையும் உண்டு. அறிவியலையும் கலையையும் அவ்வாறு மக்களின் கைக்கு எட்ட வைக்க முயன்றவர் டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள். ராக்கெட்டுக்கு வித்திட்டவர் என்றே நாம் அவரை அறிவோம். அவருடைய மறுபக்கத்தைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகமதாபாத்தில் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், சரளாதேவி தம்பதியரின் மகனாக 1919 ஆகஸ்டு 12-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் வீட்டிலேயே பள்ளி அமைத்து, மாண்டிசோரி முறையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். கையால் செய்து கற்பதே அம்முறையின் உயிர்நாடி. கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றபின், போர் மூண்டிருந்ததால் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சர் சி. வி. ராமன் அவர்களின் கீழ் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். 1947-இல் இயற்பியல் ஆய்வுக்கூடம், 1949-இல் மனைவியுடன் சேர்ந்து தர்ப்பணா கலைக்கழகம் என, ஆய்வுக்கும் ஆடலுக்கும் ஒரே நகரில் இடம் அமைத்தார்.

எனக்கு இது வியப்பாக இல்லை. என் தந்தை வடசேரியில் கோவில் நகை செய்பவர். வெள்ளியில் சிவப்புக்கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டி அவர் செய்யும் நெற்றிச்சுட்டியை நாட்டியப் பெண்கள் அணிகிறார்கள். அது கலையா, தொழில்நுட்பமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரின் அருகே செல்வதால் அவ்விடம் தேர்வாயிற்று. மீனவ மக்கள் தங்கள் மாதா கோவிலையே ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அக்கோவில் இன்று விண்வெளி அருங்காட்சியகம். வடசேரிப் பேருந்து நிலையத்தில் காலையில் ஏறினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். அகமதாபாத்தில் அவர் தொடங்கிய சமுதாய அறிவியல் மையமோ, மாணவர்கள் கருவிகளைத் தாமே கையாண்டு கற்பதற்கென்றே எழுந்தது.

அந்நாளில் நியூயார்க்கில் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி குளூவர், ஓவியர் ராபர்ட் ரோஷன்பர்க் முதலியோர் கலைஞரையும் பொறியாளரையும் இணைக்க ஓர் அமைப்பு நடத்தினர். 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் அவர்கள் எழுப்பிய கூடத்தினுள் மாபெரும் கோளக ஆடி இருந்தது. உள்ளே வந்தவர்கள் தங்கள் பிம்பம் தலைகீழாக அந்தரத்தில் தொங்குவதைக் கண்டனர். குழியாடியின் மெய்ப்பிம்பம் என்று நாம் தேர்வில் எழுதுவதுதான் அது! கையில் கொடுத்த கருவியோ, தரை மாற மாற வேறு வேறு ஒலி கேட்பித்தது.

இந்த அமைப்புடன்தான் 1969-இல் சாராபாய் கைகோத்தார். குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவை மையமாக வைத்துக் கல்வித் தொலைக்காட்சிக்கு ஒரு முன்னோடித் திட்டம் வகுக்கப்பட்டது. நகரத்தில் இருந்து போதிப்பதைவிட, எருமை வளர்ப்போரின் வாழ்வைச் சிற்றூரிலேயே படம் பிடித்து, அதிலிருந்து நிகழ்ச்சிகள் உருவாக வேண்டும் என்பது அதன் கருத்து. பார்ப்பவரும் படைப்பில் பங்காளி என்பதே இதன் பொருள்.

இதன் அருமை, கொச்சியில் ஒரு கலைக்கண்காட்சியைக் கண்டபோது எனக்கு விளங்கியது. இருண்ட அறை, வெறும் சுவர். நான் வாசலிலேயே நின்றேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குத் தெரியும்: விலையுயர்ந்த பொருள் உள்ள அறையில் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடும். உள்ளே ஓர் அம்மா முந்தானையை உதறித் தோளில் போட்டார். சுவரெங்கும் ஒளியலை எழுந்தது. நானும் சென்று கையை உயர்த்தினேன். அலை என் பக்கம் திரும்பியது. கேமரா அசைவைக் காண்கிறது, கணிப்பொறி கணக்கிடுகிறது. அது எனக்குப் புரிந்தது. ஆனால் நாங்கள் இல்லாவிட்டால் அது வெறும் சுவர் என்பதும், அந்த அம்மாவிடம் அது பட்டம் கேட்கவில்லை என்பதும்தான் என் நெஞ்சில் தைத்தன.

1971 டிசம்பர் 30-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள கோவளத்தில், 52-ஆம் வயதில் சாராபாய் உறக்கத்திலேயே மறைந்தார். அவர் கனவு கண்ட செயற்கைக்கோள் கல்வி ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு 2,400 சிற்றூர்களை எட்டியது. ஆனந்த் அன்று அடங்கியிருந்த கேடா மாவட்டத்திலோ, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கிராம மக்களே நடித்தும் பேசியும் பங்கேற்றனர்.

தோழர்களே! அவருக்குச் சிலை வைப்பது அரசின் வேலை. நம்மால் ஆவது ஒன்று உண்டு. கல்லூரி ஆண்டு விழா நாளில் நம் ஆய்வகத்தைப் பெற்றோருக்குத் திறந்து வைக்க ஆசிரியப் பெருமக்கள் அருள வேண்டும். கல் பதிக்கும் கையும் வலை பின்னும் கையும் வெர்னியர் அளவியை ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும்.