பெந்தோட்டைக் கடற்கரையும் கண்டலமைக் குளமும்

மாத்தளை மாவட்டத்திலே, தம்புள்ளையை அடுத்து, கண்டலமைக் குளம் பரந்து கிடக்கின்றது. அதன் கரையில் உல்லாச விடுதியொன்று எழப்போகின்றது என்ற செய்தி 1990களின் தொடக்கத்திற் பரவியபோது யான் மாணவன். பிக்குமாரும் ஊரவரும் சூழல் ஆர்வலரும் எதிர்த்தெழுந்தனர். குளம் கெடும் என அஞ்சியோருள் யானும் ஒருவன். அதனை வரைந்தவர் யாவர் என்று அன்று கேட்டேனல்லேன். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஜெப்ரி பாவாவின் வாழ்வைத் தேடிப் படித்தேன்.

1919 யூலை 23இல் கொழும்பிலே பிறந்தவர் பாவா. தந்தையார் வழக்கறிஞர், மைந்தனும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனிற் சட்டமும் பயின்றார். ஆயினும் சட்டத்தில் மனம் பற்றவில்லை. தாயார் மறைந்தபின் தொழிலைத் துறந்து உலகைச் சுற்றினார். இத்தாலியில் ஒரு மாளிகை வாங்கிக் குடியேற எண்ணினார், அது கைகூடவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அண்மையில், கைவிடப்பட்ட இரப்பர்த் தோட்டமொன்றை வாங்கி லுனுகங்கை எனப் பெயரிட்டார். அதனைத் திருத்தப் புகுந்தபோதுதான் தமது கல்வியின் குறை அவருக்குப் புலனாயிற்று. மீண்டும் இலண்டன் சென்று கட்டடக்கலை பயின்று, 38ஆம் வயதிலே தகுதி பெற்றார். பிந்திக் கற்பதற்கு நாணும் எம்மவர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

அவருக்குத் துணையாய் அமைந்தோர் பலர். பொறியியலாளர் பூலோகசுந்தரம் நெடுங்காலம் பங்காளியாய் உடனிருந்தார். எங்கள் மாத்தளை அளுவிகாரையைச் சேர்ந்த ஏனா டி சில்வா அம்மையாருக்கென 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலே ஒரு வீடு கட்டினார் பாவா. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. மேனாட்டுப் பாணி வீடுகளை அடுக்கிக்கொண்டிருந்த அன்றைய கொழும்புக்கோ பெரும் புதுமை. அவ்வீடு பின்னாளிற் கழற்றப்பட்டு, கற்களுக்கு எண்ணிட்டு, லுனுகங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இறக்குமதிக்குக் கட்டுப்பாடு நிலவிய காலம் அது. கிட்டாத பொருளுக்கு ஏங்காது, உள்ளூரிற் கிடைத்ததையே அவர் அணியாக்கினார். 1969இல் முற்றுப்பெற்ற பெந்தோட்டைக் கடற்கரை விடுதியை நோக்குக. உட்புகும் மண்டபத்தின் விதானம் முழுவதும் ஏனா அம்மையாரின் பத்திக் துணிகள். லக்கி சேனநாயக்க வடித்த பித்தளை மயில். பாபரா சன்சோனியின் கைத்தறி நெசவு. கடற்காற்றும் வெயிலும் நுழைந்து உலவ இடம்விட்ட பிறகே ஏனைய அலங்காரம். அறையை அடைத்துப் பொருள் குவிப்பதை அழகெனக் கொள்ளும் இக்காலத்து வீட்டுக்காரர் அங்கே சற்று நின்று பார்த்தல் நன்று. ஏனா அம்மையாரோ பின்னர் அளுவிகாரைக்கே மீண்டு, ஊர்ப்பெண்களுக்குப் பத்திக்கும் தையலும் தொழிலாக்கிக் கொடுத்தார். பாவாவின் புகழிலே அக்கைகளுக்கு உரிய பங்கு இன்னும் எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

கோட்டை நாடாளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டது. கண்டலமை விடுதி அவருடைய முதுமைக்காலப் படைப்பு. சீகிரியாவின் அருகே தரப்பட்ட நிலத்தை மறுத்து, குன்று தொலைவிலே தெரியும் குளக்கரையை அவரே தேர்ந்தார். 1998இல் நோய் அவரை முடக்கியது. 2003 மே 27இல் மறைந்தார்.

சில ஆண்டுகளின் முன் மாணவரோடு அங்கே சென்றேன். குகைபோன்ற வாயில், மாடிப்படியின் மேலே சிறகு விரித்துப் பாயும் லக்கியின் ஆந்தை, பாறை கட்டடத்தினுள்ளும் புகுந்து கிடக்கின்றது. புறத்தே கொடிகள் சுவரை மூடியிருந்தன. குளமும் இருந்தது. அன்று யான் அஞ்சியது முழுவதும் நிகழவில்லை என ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அஞ்சியது பிழையென்று மட்டும் சொல்லேன்.

தோட்டத்து மாணவன் ஒருவன் நீண்ட நடைகூடத்தைக் காலடியால் அளந்துகொண்டு வந்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்துக் காம்பராக்கள் அதன் நீளத்தில் எத்தனை நிற்கும் என்பது அவன் கணக்கு. யானும் லயத்திற் பிறந்தவனே. ஆதலால் அவனைத் தடுக்கவில்லை. நூற்றைக் கடந்து எண்ணிக்கொண்டிருந்தபோது பேருந்துக்காரர் ஊதிவிட்டார்.