ஆசைக்கு ஓர் அணை

சென்னை ஆழ்வார்பேட்டையில் எல்டாம்ஸ் சாலை வழியே செல்பவர்கள் மரங்கள் சூழ்ந்த பழைய மாளிகை ஒன்றைக் காணலாம். 'தி குரோவ்' என்பது அதன் பெயர். இன்று அங்கே ஓர் அறக்கட்டளை நடக்கிறது. கலைக்கும் கல்விக்கும் அந்த இடம் பயன்படுகிறது. அந்த வட்டாரத்தில் ஒரு சாலையே அந்த மாளிகைக்கு உரியவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்தான் சர். சி. பி. ராமசாமி ஐயர்.

சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால், பெரிய வக்கீல், பேரறிஞர் என்பார்கள். பழைய திருவிதாங்கூர் மண்ணில் அதே பெயரைச் சொன்னால், கோயில் கதவு திறந்ததையும் நினைப்பார்கள். துப்பாக்கி வெடித்ததையும் நினைப்பார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள் எப்படி வந்தன? உயர வேண்டும் என்ற ஆசைக்கும் நல்லது செய்ய வேண்டும் என்ற அறத்துக்கும் இடையே அவர் எங்கே தடுக்கி விழுந்தார்? அதை எண்ணிப் பார்ப்பது, அவரைப் புகழவும் அல்ல, தூற்றவும் அல்ல. நாம் பாடம் கற்பதற்காக.

1879 நவம்பர் 12ஆம் நாள் வந்தவாசியில் பிறந்தவர் சி. பி. தந்தை நீதித் துறையில் உயர் பதவி வகித்தவர். பிறந்த குலமும் கற்ற ஆங்கிலமும் அந்நாளைய சென்னையில் பாதி வழியைத் திறந்துவிட்டன. மீதி வழியை அவரே தம் உழைப்பால் கடந்தார் என்பதையும் மறுப்பதற்கில்லை. மாநிலக் கல்லூரியில் படித்தார், சட்டம் பயின்றார், உயர்நீதிமன்றத்தில் விரைவிலேயே முன்வரிசைக்கு வந்தார்.

ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சிறுவனாக இருந்தபோது அன்னி பெசண்ட் அம்மையார் தம் பொறுப்பில் வைத்திருந்தார். மகனைத் திருப்பித் தரும்படி 1912இல் தந்தை வழக்குத் தொடுத்தார். தந்தைக்காக வாதாடியவர் சி. பி. அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். 1913இல் சென்னையில் வெற்றி தந்தைக்கே; 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றத்தில் அம்மையாரை எதிர்த்தவரே 1916இல் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணித் தலைவரானார். காங்கிரசின் செயலாளர்களில் ஒருவராகவும் இருந்தார். எதிரியின் அறிவை மதிக்கத் தெரிந்த பண்பு அது. பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு ஒத்துழையாமைக் காலம் வந்தது. பலர் சிறை நோக்கி நடந்தனர். சி. பி. அந்த வழியை ஏற்கவில்லை. 1920இல் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர். காவிரி நீர் பற்றி மைசூருடன் 1924இல் ஒப்பந்தம் ஏற்பட்டதும், 1925இல் மேட்டூர் அணை வேலை தொடங்கியதும் அவர் பதவியில் இருந்த காலத்தில்தான். நீலகிரியின் பைக்காரா மின் திட்டத்துக்கும் அவர் தூண்டுகோலாக இருந்தார். மேட்டூர் 1934இல் நிறைவேறியது. தஞ்சை வயல்கள் அதன் நீரை இன்றும் குடிக்கின்றன. ஆசை இல்லாத மனிதரால் இவை நடக்குமா? நடவா! ஆகவே ஆசையே பாவம் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் அவருக்கு எதிரே ஒரு வக்கீல் இருந்தார். மேலே ஒரு நீதிபதி இருந்தார். சென்னையில் சட்டசபை இருந்தது. கேள்வி கேட்க உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்த வரம்புகளுக்குள் அவருடைய ஆற்றல் அணையில் தேங்கிய நீர்போல் பயன் தந்தது. வரம்பு போன இடத்தில் என்ன ஆயிற்று?

1936 அக்டோபர் 8ஆம் நாள் அவர் திருவிதாங்கூர் திவான் ஆனார். ஐந்தே வாரத்தில், நவம்பர் 12ஆம் நாள், மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். தீண்டாமையின் பேரால் நூற்றாண்டுக் கணக்கில் அடைத்திருந்த அரசுக் கோயில் கதவுகள் திறந்தன. மன்னருக்கும் திவானுக்கும் அதில் உள்ள பெருமையை நாம் குறைக்கவில்லை. எனினும் அந்தக் கதவைப் பல ஆண்டுகளாகத் தட்டியவர்கள் யார்? 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக அடிபட்டவர்கள், சிறைப்பட்டவர்கள், ஈரோட்டிலிருந்து சென்று இருமுறை சிறை புகுந்த பெரியார், சுசீந்திரத்தில் போராடியவர்கள். இவர்கள் தட்டினார்கள், அரண்மனை திறந்தது. இதைத் திவான் மறவாதிருந்தால் பின்னால் வந்தவை வராமலே போயிருக்கலாம்.

1937இல் பல்கலைக்கழகம், 1938இல் அரசு பஸ் போக்குவரத்து, 1940இல் பள்ளிவாசல் மின்சாரம், திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனைக்குச் சிமெண்டுச் சாலை, உர ஆலை முதலிய தொழில்கள், 1944இல் தூக்குத் தண்டனை ஒழிப்பு! பட்டியல் நீளமானது, பொய்யல்லாதது.

மற்றொரு பட்டியலும் உண்டு. அதுவும் பொய்யல்லாதது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று ஸ்டேட் காங்கிரஸ் 1938இல் கேட்டது. தலைவர்களுக்குச் சிறை, கூட்டத்துக்குத் துப்பாக்கி. அதே ஆண்டில் மலையாள மனோரமா பத்திரிகைக்குப் பூட்டு. 1946இல் திவான் ஓர் அரசியல் திட்டம் தந்தார். வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு உண்டு, சட்டசபை உண்டு. ஆனால் அந்தச் சட்டசபை திவானை அகற்ற முடியாது! பந்தி விரித்து, இலை போட்டு, சோறு மட்டும் அரண்மனையிலேயே இருக்கும் என்பதுபோன்ற ஏற்பாடு. கயிற்றுத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையில் எதிர்த்தெழுந்தனர். 1946 அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் துப்பாக்கிகள் முழங்கின. மாண்டவர் தொகையில் கணக்குகள் வேறுபடுகின்றன. பல நூறு பேர் என்பதே பொதுவான கணிப்பு. தூக்குமேடையை அகற்றி இரண்டே ஆண்டு. அதே சமஸ்தானத்தில் விசாரணையும் இல்லாமல் ஏழைகள் வீழ்ந்தனர்.

அடுத்தது 1947 ஜூன் 11. ஆகஸ்டு 15க்குப் பிறகு திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் அறிவித்தார். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் எவரிடமேனும் கருத்துக் கேட்டாரா? இல்லை. மன்னர் இசைந்தார், திவான் முடிவு செய்தார், அவ்வளவுதான். ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றில் கே. சி. எஸ். மணி என்ற இளைஞர் அவரை வெட்டினார். காயத்தோடு உயிர் தப்பினார். வெட்டரிவாளை நாம் போற்றவில்லை. கொலைக் கருவி அரசியல் வாதமாகாது. ஆனால் வாதத்துக்கு இருந்த வாசல்களை எல்லாம் அடைத்தவர் எவர் என்ற கேள்வியும் மறையாது. சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. ஆகஸ்டில் சி. பி. பதவி விலகினார்.

வீழ்ந்தபின் அவர் முடங்கிவிடவில்லை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1962இல் தேசிய ஒருமைப்பாடு பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றாயிற்று. திராவிட நாடு கோரிக்கை அந்த ஆண்டில் கைவிடப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் அது மேடையேறிச் சொல்லப்பட்டது. மக்களிடம் ஓட்டுக் கேட்டுச் சொல்லப்பட்டது. 1947இல் எவரையும் கேளாமல் ஒரு நாட்டையே பிரிக்கத் துணிந்தவர், பதினைந்தே ஆண்டில் பிரிவினைக்குத் தடை பரிந்துரைத்தார்! மனம் மாறியது என்றே கொள்வோம், மாறுவது குற்றமல்ல. மாறாதது ஒன்று உண்டு. அன்றும் இன்னது நல்லது என்று மேலிருந்தே சொன்னார். இன்னது கெட்டது என்று மேலிருந்தே சொல்லும் இடத்தில்தான் கடைசி வரை அமர்ந்திருந்தார்.

1966 செப்டம்பர் 26ஆம் நாள் லண்டனில், 86ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவருக்கு அறம் இல்லை என்று சொல்ல முடியாது. பணத்துக்காகவோ சுகத்துக்காகவோ மட்டும் வாழ்ந்தவர் அல்ல. கோயில் கதவைத் திறந்த கையில் அறம் இருந்தது. ஆனால் நல்லது எது என்பது தமக்கே தெரியும், மக்கள் பெற்றுக்கொண்டால் போதும் என்று எண்ணினார். அந்த எண்ணம் புகுந்த இடத்தில் அறமே ஆசைக்கு வேலைக்காரனாகி விடுகிறது. மறுப்பவன் நன்றி கெட்டவனாகத் தெரிகிறான். பிறகு எதிரியாகத் தெரிகிறான். கடைசியில் துப்பாக்கிக்கு இலக்காகிறான்.

வல்லவர் ஒருவர் வந்தால் போதும், சட்டசபை எதற்கு, விவாதம் எதற்கு, தேர்தல் தொல்லை எதற்கு என்று பேசுகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். படித்தவர்களே பேசுகிறார்கள். அவர்களுக்குச் சி. பி.யை விட வல்லவர் எவர் கிடைப்பார்? சட்டம் தெரிந்தவர், மொழி தெரிந்தவர், அணையும் ஆலையும் தெரிந்தவர். அவருக்கே அந்தத் தனி அதிகாரம் தாங்கவில்லை. மேட்டூரில் நீரைத் தேக்க அணை வேண்டும் என்று அறிந்தவர், தம் ஆசைக்கும் மக்கள் சபை என்ற அணை வேண்டும் என்பதை ஏற்க மறுத்தார். வல்லவர்களை வரவேற்போம். ஆனால் கேள்வி கேட்கும் உரிமையையும், வேண்டாம் என்றால் அனுப்பிவிடும் உரிமையையும் நம் கையிலேயே வைத்துக்கொண்டு வரவேற்போம்.