மெட்டு இல்லாத வீணை: கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார்

ஹாஸ்டல் ரூமில் கிடாரை மடியில் படுக்கப்போட்டு, கம்பி மேல ஒரு ஸ்டீல் டம்ளரைத் தேய்ச்சுப் பார்த்திருக்கீங்களா? சத்தம் வழுக்கிக்கிட்டே போகும். இதை 1880-களின் கடைசியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூகூ என்ற பையன் இரும்புத் துண்டை வச்சு ஆரம்பிச்சான்னு கிடார்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வழியில் வந்ததுதான் பெடல் ஸ்டீல் கிடார். அதைக் கேட்டு மயங்கின நம்மில் பல பேருக்கு, அதே வித்தை வேப்பந்தட்டையிலிருந்து ஒரு பகல் பஸ் பயண தூரத்தில் நடந்தது தெரியாது. அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அடுத்து திருவிடைமருதூர். அந்த ஊர் சகாராம ராவ்தான் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய அப்பா சீனிவாச ராவ், தம்புராவின் மேல் கட்டையை உருட்டி வாசித்துப் பார்த்தவர்.

சகாராம ராவின் சீடர்தான் நம்ம கதாநாயகர் நாராயண ஐயங்கார். 1903-ல் பிறந்தவர். திருவிதாங்கூர், மைசூர் அரண்மனைகளில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். பெயருக்கு முன்னால் வாத்தியமே பட்டமாக ஒட்டிக்கொண்டது.

கருவியைப் பார்ப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் வீணைதான். பலாமரக் குடம்கூட அதேதான். கிட்டப் போனால் ஒன்று குறையும்: மெட்டு. வீணையில் 24 மெட்டு உண்டு, விரலை வைத்தால் ஸ்வரம் அங்கே காத்துக்கொண்டிருக்கும். இங்கே வெறும் பலகை. மேலே வாசிக்க ஆறு கம்பி, ஸ, ப, கீழ் ஸ என்று ஜோடியாகவோ மூன்றாகவோ சேர்த்துக் கட்டியிருக்கும். சில ஜோடியில் ஒரு கம்பி ஒரு ஸ்தாயி உயரத்தில் இருக்கும், பன்னிரண்டு கம்பி கிடார் மாதிரி. பக்கத்தில் சுருதிக்கு மூன்று. அடியில் யாரும் தொடாத பன்னிரண்டு கம்பி. மேலே அந்த ஸ்வரம் பேசினால் இவை தானாக அதிரும். ரெசொனன்ஸ்னு இரண்டாவது செமஸ்டரில் எழுதினோமே, அதேதான். வலது கை மீட்டும். இடது கை உருண்டையான கருங்காலிக் கட்டையைக் கம்பி மேல் நகர்த்தும்.

இனி கணக்கு. கம்பி 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்தாயியில் முதல் அரை ஸ்வரத்துக்குக் கட்டை ஏறக்குறைய 45 மி.மீ. நகரணும். ஒரு ஸ்தாயி மேலே போனால் 22 மி.மீ. போதும். இன்னொரு ஸ்தாயி போனால் 11 மி.மீ. தான். அங்கே ஒரு மி.மீ. தவறினால் அடுத்த அரை ஸ்வரம் வரை உள்ள தூரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு போச்சு. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிப்பார். கோடு போட்டுக் காட்ட எதுவும் கிடையாது. கட்டையே கம்பியை மறைக்கும். காதுதான் ஸ்கேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. கமகத்துக்கு இந்த வாத்தியம் ராஜா. வீணைக்காரர் மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வரவழைப்பதை இங்கே கட்டையை ஆட்டினாலே வாங்கிவிடலாம், குரல் போலவே. செம்மங்குடி சீனிவாச ஐயர் சின்ன வயதில் சகாராம ராவிடம் பாடம் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் வேகமாக, தனித்தனியாக ஸ்வரம் விழணும்னா? ஸ-விலிருந்து ப-வுக்குக் கட்டை போகும்போது நடுவில் இருப்பதெல்லாம் சேர்ந்து இழுபடும். மேற்கே இதற்கு இயந்திரத்தில் விடை தேடினார்கள்: பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பியின் சுருதி மட்டும் மாறும். 1954-ல் வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் அதை வாசித்த பிறகுதான் அங்கே எல்லாரும் பெடல் பின்னால் ஓடினார்கள். நம்ம ஆட்களுக்குப் பெடலும் கிடையாது, ஆம்ப்ளிஃபையரும் கருவிக்குள் கிடையாது. எப்போது மீட்டுவது, எப்போது மீட்டாமல் நகர்த்துவது, எந்தக் கணத்தில் கம்பியை அடக்குவது என்று இரண்டு கைக்கும் நடுவே இருக்கும் ஒப்பந்தம்தான் விடை. நாராயண ஐயங்கார் பெயர் வாங்கினது இந்த இடத்தில்தான். எனக்கென்னவோ அவர் செய்ததும் இன்ஜினியரிங்தான். பாகம் மட்டும் கூடவில்லை.

அதே காலத்தில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் (1894–1978) இதே கருவியில் பெரிய பெயர், கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தார். மன்னார்குடி சாவித்திரி அம்மாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் பெயர் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீணைக்கும் வயலினுக்கும் ஊருக்கு ஊர் வாத்தியார் உண்டு. இதைக் கற்க ஆசைப்பட்டால் முதலில் கருவி கிடைக்கணும், பிறகு குரு கிடைக்கணும், பிறகு மெட்டில்லாத பலகையில் பல வருஷம் தப்பாகவே வாசிக்கத் துணிச்சல் வேணும்.

நாராயண ஐயங்கார் 1959-ல் காலமானார். வித்தை வீட்டுக்குள் தங்கியது: மகன் நரசிம்மன், அடுத்து பேரன் ரவிகிரண். கருவிக்கு இப்போது சித்திரவீணை என்ற பழைய பெயரும் திரும்பி வந்திருக்கிறது. கட்டை மட்டும் மாறிவிட்டது. கருங்காலி, காட்டெருமைக் கொம்பு எல்லாம் போய், இன்று கம்பி மேல் வழுக்குவது டெஃப்ளான் உருளை. தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்ளான்தான்.