கம்ப்யூட்டருக்கு செஸ் சொல்லிக்கொடுத்த உலக சாம்பியன்!

போன்ல இருக்கிற செஸ் ஆப்கிட்ட பத்தே நிமிஷத்துல தோத்துட்டு, 'இது எப்படித்தான் யோசிக்குதோ'னு கடுப்பானவரா நீங்க? அப்போ மிகயில் போட்வினிக்கை நீங்க தெரிஞ்சுக்கணும். கம்ப்யூட்டரை மனுஷன் மாதிரி யோசிக்க வைக்கப் போராடிய உலக சாம்பியன் அவர்.

1911-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் பிறந்தவர். 12 வயசுலதான் செஸ் கத்துக்கிட்டார். 14 வயசுல, ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய அன்றைய உலக சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். 1948-ல் அவரே உலக சாம்பியன். இத்தனைக்கும் தொழில்முறையில் அவர் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். செஸ்ஸுக்காக அந்த வேலையை விடவே இல்லை.

போட்டியில் எதிராளி விடும் சிகரெட் புகை தொந்தரவா இருந்ததா? நண்பர் ரகோசினை உட்காரவெச்சு, புகைக்கு நடுவிலேயே ஆடிப் பழகினார். ஆள் அப்படி!

1957-ல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த வருஷமே திரும்பப் பிடித்தார். 1960-ல் இளம்புயல் டால் வந்து பறித்தார். 1961-ல் மறுபடியும் மீட்டார். தோத்த ஆட்டங்களை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்ப்பதுதான் ரகசியம். 1963-ல் பெட்ரோசியனிடம் தோத்தபோது மட்டும் மறுபோட்டி கிடையாது. அந்த விதியையே எடுத்துட்டாங்க.

அப்புறம்தான் அவர் கம்ப்யூட்டர் பக்கம் முழு மூச்சாக இறங்கினார். செஸ்ல ஒரு கட்டத்தில் சராசரியா 30 நகர்த்தல்கள் சாத்தியம். நீங்க ஒண்ணு, எதிராளி ஒண்ணுன்னா 900 வழி. ஆளுக்கு ரெண்டுன்னா 8 லட்சத்தைத் தாண்டும். எல்லாத்தையும் மெஷின் அலசுறது வீண் வேலைன்னு நினைச்சார் போட்வினிக். நல்ல ஆட்டக்காரர் தேவையான சில வழிகளை மட்டும்தானே பார்க்கிறார்? அதையே கம்ப்யூட்டரும் செய்யணும். அந்த புரோகிராமுக்குப் பெயர் 'பயனியர்'. பல வருஷ உழைப்பு. சில கஷ்டமான புதிர்களை அது விடுவித்தது. ஆனா, போட்டியில் முழு ஆட்டம் ஆடும் அளவுக்கு வளரவே இல்லை. 1974-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் கம்ப்யூட்டர் செஸ் உலகப் போட்டியில் ஜெயித்ததும் சோவியத் புரோகிராம்தான். ஆனா அது 'கைஸா', போட்வினிக்குடையது இல்லை.

இதுக்கு நடுவுல செஸ் பள்ளியும் நடத்தினார். 1973-ல் அங்கே வந்து சேர்ந்த 10 வயசுப் பையன்தான் காஸ்பரோவ்!

1995 மே மாதம் போட்வினிக் இறந்தார். ஒன்பது மாதம் கழித்து, ஃபிலடெல்ஃபியாவில் ஐ.பி.எம்-மின் 'டீப் ப்ளூ' முன்னால் உட்கார்ந்தார் காஸ்பரோவ். முதல் ஆட்டத்தில் தோற்றாலும் 4-2 என ஜெயித்தார். 1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்த மறுபோட்டியில் தோற்றுப்போனார். ஜெயித்த மெஷின், விநாடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசுவது. எந்த வழி வேண்டாம்னு குரு ஒதுக்கினாரோ, அதே வழி சிஷ்யனைச் சாய்த்தது.

கதை அதோட முடியலை. 2017-ல் 'ஆல்ஃபாஸீரோ' வந்தது. விநாடிக்கு சுமார் 80 ஆயிரம் நிலைகளை மட்டும் பார்த்து, 7 கோடி பார்த்த 'ஸ்டாக்ஃபிஷ்'ஷை வீழ்த்தியது. தனக்குத்தானே ஆடிக் கத்துக்கிட்ட அதன் முறை வேற. ஆனா, கொஞ்சமா பார்த்து சரியா பார்க்கணும்கிற போட்வினிக்கின் ஆசை நடந்தேவிட்டது.

அடுத்த தடவை ஆப்கிட்ட தோத்தா, உடனே 'ரீமேட்ச்' பட்டனை அமுக்காதீங்க. போட்வினிக் மாதிரி, தோத்த ஆட்டத்தை முதல் நகர்த்தல்ல இருந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் அமுக்குங்க!